பூட்டிய மண்டபம், கலையாத பந்தி: ஊரடங்குக் காலத்தில் லாட்ஜ் நட்பையும் சிரிப்பையும் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் 'லாட்ஜ்' என்று சொன்னால், பேருந்து நிலையத்துக்கு எதிரே அறை வாடகைக்கு விடும் விடுதிதான் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். நான் இங்கே எழுதுவது ஃபிரீமேசன் என்ற பழைய சகோதரத்துவ அமைப்பினர் (ஒருவரையொருவர் சகோதரர் என்றே அழைப்பவர்கள்) மாதந்தோறும் கூடும் லாட்ஜைப் பற்றி. சென்னையில் இந்த மரபு பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து தொடர்கிறது. எழும்பூர் எத்திராஜ் சாலையில் உள்ள ஃபிரீமேசன் மண்டபத்தை வெளியிலிருந்தாவது பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது நான் ஒரு லாட்ஜின் செக்ரட்டரியாக இருந்தேன். 21 நாள் என்று சொல்லித் தொடங்கியது, நான்கு கட்டங்களாக மே 31 வரை நீண்டது; சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் ஜூன் 19 முதல் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது; 2021 மே மாதத்தில் மறுபடியும் எல்லாம் அடைபட்டது. அந்த மாதங்களில் நாங்கள் செய்து பார்த்தவற்றையும், தவறாகச் செய்து பின்னர் திருத்திக்கொண்டவற்றையும் வரிசைப்படுத்தி எழுதிவைப்பது செக்ரட்டரியாக இருந்தவனின் கடமை என்று கருதுகிறேன். ஊரடங்குதான் வரவேண்டும் என்பதில்லை. வெள்ளம், மண்டபப் பழுதுபார்ப்பு என்று கதவு நெடுநாள் மூடப்படும் எந்த வேளையிலும் இது உதவும். லயன்ஸ், ரோட்டரி போன்ற சங்கங்களில் இருப்பவர்களும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாட்ஜின் சடங்கு எங்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவருகிறது. ஆனால் எங்களை நண்பர்களாக்குவது சடங்கு முடிந்தபின் நடக்கும் பந்தி. ஆகவே கதவு பூட்டப்படும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது பந்தியைத்தான். அந்தப் பந்தியின் சிரிப்போ, ஒருவருடைய வீட்டு நிலைமை மற்றவருக்குத் தெரிந்திருந்தால்தான் சிரிப்பாக இருக்கும். இந்த வழிகாட்டியில் நலம் விசாரிப்பு முன்னாலும் நகைச்சுவை பின்னாலும் வருவதற்கு அதுவே காரணம்.

முதல் படி: எதைத் திரைக்குக் கொண்டுபோகக் கூடாது என்று முடிவு செய்யுங்கள்

ஊரடங்கு தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே ஓர் இளம் சகோதரர், வழக்கமான கூட்டத்தை அப்படியே ஜூமில் நடத்திவிடலாமே என்று கேட்டார். நல்ல மனத்தோடு கேட்டதுதான். ஆனால் லாட்ஜ் கூட்டத்தின் அடிப்படை, கதவுக்கு வெளியே டைலர் என்ற பொறுப்பாளர் காவல் நிற்பது. உள்ளே இருப்பவர் அனைவரும் உரியவர்கள்தாம் என்ற உறுதி அந்தக் கதவிலிருந்துதான் பிறக்கிறது. ஒவ்வொருவர் வீட்டுக் கூடத்திலும் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யார் பதிவு செய்கிறார்கள் என்பதை எந்த டைலரும் திரை வழியாகக் காக்க முடியாது. இங்கிலாந்து லாட்ஜ்களின் தலைமை அமைப்பான ஐக்கிய கிராண்ட் லாட்ஜ் 2020 மார்ச் 17 அன்றே எல்லாக் கூட்டங்களையும் நிறுத்திவைத்தது. சடங்குகளை இணையத்தில் நடத்த இடம் தரவில்லை. அந்தக் கண்டிப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன். உங்கள் கிராண்ட் லாட்ஜின் சுற்றறிக்கை என்ன சொல்கிறதோ, அதை முதல் நாளிலேயே வாங்கிப் படித்து, எல்லா உறுப்பினர்களுக்கும் தெளிவாக அனுப்பிவிடுங்கள்.

இப்படிச் சொல்லும்போது, காவலும் கூட்டமும் மனிதர்களால் ஆனவை, கட்டடத்தால் ஆனவை அல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1943 நவம்பரில், எஸ்டர்வேகன் நாஜி வதைமுகாமில் அடைபட்டிருந்த பெல்ஜிய நாட்டுச் சகோதரர்கள் ஏழு பேர், 'லிபர்த்தே ஷெரி' என்ற பெயரில் ஒரு லாட்ஜைத் தொடங்கினார்கள். ஆறாம் எண் கொட்டகையில், தோட்டாக்களைப் பிரித்தெடுக்கும் மேசையைச் சுற்றித்தான் அவர்கள் கூடினார்கள். அவர்களுக்காக வெளியே காவல் நின்றவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். எங்கள் வீட்டுச் சிறையை அவர்களுடைய கொடுமையோடு ஒப்பிட எனக்கு மனம் வராது. எனினும் ஒரு மேசையும் நம்பத்தக்க ஏழு பேரும் இருந்தால் போதும் என்ற செய்தி, அந்த நாட்களில் எனக்குப் பெரிய தெம்பைக் கொடுத்தது.

சடங்கை ஒதுக்கிவைத்துவிட்டால் மிச்சம் இருப்பவை இவை: நலம் விசாரிப்பு, பந்திப் பேச்சு, குவளை உயர்த்தி வாழ்த்தும் டோஸ்ட், சிரிப்பு, தருமம், சொற்பொழிவு. சடங்கு வாசகங்கள் மறந்துவிடுமே என்ற கவலை பலருக்கு இருக்கும். லண்டனில் 1823 முதல் கூடிவரும் எமுலேஷன் பயிற்சி லாட்ஜில், ஒரு சடங்கை ஒரு சொல்கூடத் திருத்தப்படாமல் நடத்தி முடிப்பவருக்கு வெள்ளித் தீப்பெட்டி உறை ஒன்றைப் பரிசாகத் தருவார்கள். அத்தகைய துல்லியத்தை விரும்புகிறவர்கள் தனியே உட்கார்ந்து மனப்பாடம் செய்யட்டும். திரையில் ஒப்பிப்பதற்கு அனுமதி உண்டா என்று கேட்டறிந்த பிறகே கூட்டாகப் பயிற்சி செய்யலாம்.

இரண்டாம் படி: தொலைபேசிப் பட்டியல்

நாங்கள் முதலில் செய்த தவறு, வாட்ஸ்ஆப் குழு இருக்கிறதே, போதும் என்று நினைத்தது. குழுவில் காலை வணக்கப் பூக்களும், கபசுரக் குடிநீர்க் குறிப்புகளும், யாரோ எங்கிருந்தோ அனுப்பிய செய்திகளும் குவிந்தன. எங்கள் சகோதரர் ஒருவர் தினமும் தவறாமல் கட்டைவிரல் அடையாளம் போட்டுக்கொண்டிருந்ததால், அவர் நலமாக இருக்கிறார் என்றே மூன்று வாரம் நம்பினோம். அவருடைய அச்சகம் மார்ச் மாதத்திலேயே மூடப்பட்டுவிட்டது என்பதும், வீட்டில் இன்சுலின் தீர்ந்துபோய் இரண்டு நாள் அலைந்தார் என்பதும், நான் வேறு ஏதோ கணக்குக் கேட்கத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் தெரிந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை உறுப்பினர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பட்டியல் போட உட்கார்ந்தேன்.

பட்டியலை இப்படிப் போடுங்கள். பதிவேட்டில் இருக்கும் எல்லாப் பெயர்களையும், பல ஆண்டுகளாக வராதவர்களையும், சந்தா பாக்கி வைத்திருப்பவர்களையும் சேர்த்தே எழுதுங்கள். மறைந்த சகோதரர்களின் மனைவியரை அவசியம் சேருங்கள். பல லாட்ஜ்களில் விட்டுப்போவது இவர்கள்தாம். பிறகு ஆறிலிருந்து எட்டுப் பேருக்கு ஓர் அழைப்பாளர் என்று பிரித்துக் கொடுங்கள். ஆல்மனர் என்ற பொறுப்பில் இருப்பவர்தான் இதற்குத் தலைமை தாங்க வேண்டும். சகோதரர்களின் இன்பதுன்பங்களைக் கவனிப்பதற்காகவே ஏற்பட்ட பதவி அது. ஆனால் எல்லா அழைப்பையும் அவர் தலையில் கட்டக் கூடாது. புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு மூத்தவர்கள் நால்வரைக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் லாட்ஜில் சேர்ந்து ஆறே மாதம் ஆகியிருந்த ஒருவர், 84 வயதான முன்னாள் மாஸ்டர் ஒருவரை, அதாவது லாட்ஜின் முன்னாள் தலைவரை, வாரந்தோறும் வியாழக்கிழமை அழைக்கத் தொடங்கினார். பத்து நிமிடம் என்று தொடங்கிய பேச்சு ஒரு மணி நேரத்தை எட்டியது. மண்டபம் திறந்திருந்த நாட்களில் அவர்கள் இருவரும் பந்தியில் அருகருகே உட்கார்ந்ததுகூட இல்லை.

அழைப்பவர் என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. "எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு நம்மவர்கள் எல்லோரும் "ஆண்டவன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன்" என்றே சொல்வார்கள். ஆகவே குறிப்பாகக் கேளுங்கள். மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாகிவிட்டதா, காய்கறி யார் வாங்கி வருகிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை எப்போது பேசினார், அவசரம் என்றால் எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, தேவை, அடுத்து அழைக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நோய் விவரமோ கடன் விவரமோ அழைப்பாளரையும் ஆல்மனரையும் தாண்டிப் போகக் கூடாது. 2020 ஏப்ரல் 26 முதல் 29 வரை சென்னை, கோவை, மதுரை மாநகராட்சிகளில் மளிகைக் கடைகள்கூட மூடப்பட்ட முழு ஊரடங்கு வந்தபோது, இந்த நோட்டுப் புத்தகம் கையில் இருந்ததால்தான் தனியாக வாழ்ந்த மூன்று முதியவர்களுக்கு முன்கூட்டியே அரிசியும் மருந்தும் சேர்க்க முடிந்தது.

திறன்பேசி இல்லாதவர்களுக்குத் தரைவழித் தொலைபேசியும் சாதாரணக் கைப்பேசியும் போதும். அழைப்பாளர் தம் கைப்பேசியில் இருவரையோ மூவரையோ ஒரே அழைப்பில் இணைத்துவிட்டு, தாம் ஒதுங்கிக்கொள்ளலாம். பழைய நண்பர்கள் இருவர் இப்படி இணைந்த உடனே, நாற்பது ஆண்டுக்கு முந்தைய பயணம் ஒன்றில் ரயிலைத் தவறவிட்டது யாருடைய குற்றம் என்று மும்முரமாக வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். லாட்ஜில் சிரிப்பு மீண்டும் தலைகாட்டியது எனக்கு முதலில் தெரிந்தது அங்கேதான்.

மூன்றாம் படி: பந்தியைத் திரையில் விரித்தல்

நாளை மாற்றாதீர்கள். உங்கள் லாட்ஜ் வழக்கமாக இரண்டாம் சனிக்கிழமை கூடுமானால், திரைப் பந்தியும் இரண்டாம் சனிக்கிழமையே நடக்கட்டும். எல்லா நாளும் ஒரே நாளாகத் தெரிந்த அந்த மாதங்களில், 'இன்று லாட்ஜ் நாள்' என்று காலண்டரில் ஒரு வட்டம் இருப்பதே ஆறுதல். உடையும் அப்படியே: கோட்டு போட விரும்புகிறவர்கள் போடட்டும், வெள்ளை வேட்டி சட்டையில் வருகிறவர்கள் வரட்டும், ஆனால் ஏதோ ஒரு விதத்தில் புறப்பட்டு வந்த கோலம் இருக்க வேண்டும். ஒரு சகோதரரின் மனைவி, அவர் ஏழு வாரத்துக்குப் பிறகு முகம் மழித்தது அந்தச் சனிக்கிழமைதான் என்று என்னிடம் சொன்னார்.

நுழைவுக்கு டைலரையே பொறுப்பாக்குங்கள். காணொளிக் கூட்டங்களில் அன்னியர்கள் புகுந்து தொல்லை தந்ததால், 2020 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகமே ஜூம் பயன்பாட்டுக்கு எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டது. கடவுச்சொல் வைப்பது, காத்திருப்பு அறையை இயக்குவது, அனைவரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டுவது ஆகிய மூன்றையும் செய்தால் போதும். காத்திருப்பு அறையில் நிற்பவர்களின் பெயரைப் பார்த்து, ஐயம் இருந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு, ஒவ்வொருவராக உள்ளே விடும் வேலை டைலருக்கு மிகவும் பொருந்திப்போனது. பூட்டிய மண்டபத்தால் வேலை இழந்திருந்த அவருக்கு அந்தப் பொறுப்பு மீண்டும் கிடைத்ததில் அவ்வளவு மகிழ்ச்சி.

அடுத்தது அளவு. முப்பது முகங்களைக் கட்டம் கட்டமாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசுவது பந்தி ஆகாது. உண்மையான பந்தியில் நாம் யாரோடு பேசுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள்: இடப்பக்கத்தில் ஒருவர், வலப்பக்கத்தில் ஒருவர், எதிரே இருவர். மீதிப் பேர் சத்தமாக மட்டுமே இருக்கிறார்கள். எனவே அனைவரும் கூடும் நேரத்தைத் தொடக்கத்தில் பதினைந்து நிமிடம், முடிவில் இருபது நிமிடம் என்று சுருக்கிவிட்டு, நடுவில் நால்வர் அல்லது ஐவர் கொண்ட சிறு அறைகளாகப் பிரித்துவிடுங்கள். யார் யாரோடு என்பதைக் கணினியிடம் விடாமல் பந்தியைக் கவனிக்கும் ஸ்டூவர்டுகள் முன்னதாகவே எழுதிவைக்க வேண்டும். ஒவ்வோர் அறையிலும் ஒரு மூத்தவர், ஒரு புதியவர், பேச்சைத் தொடங்கிவைக்கத் தெரிந்த ஒருவர், நன்றாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் என்று அமைத்தால் பேச்சு தானே ஓடும். இலவசக் கணக்கில் நாற்பது நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும் என்பதைப் பலர் இடையூறாகக் கருதுகிறார்கள். நாங்கள் அதையே இடைவேளையாக வைத்துக்கொண்டோம். எழுந்துபோய்த் தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு வர அது சரியான நேரம்.

சாப்பாட்டில் ஒரே ஒரு பண்டமாவது எல்லார் தட்டிலும் பொதுவாக இருக்கட்டும். எல்லார் வீட்டிலும் கிடைக்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். எங்கள் முதல் திரைப் பந்திக்கு எலுமிச்சைச் சாதமும் அப்பளமும் என்று முடிவு செய்தோம். பதினெட்டுத் தட்டுகளைத் திரையில் தூக்கிக் காட்டியபோது, ஒரே சாதம் பதினெட்டு மஞ்சளாக இருந்தது. அந்த மஞ்சளைப் பற்றியே கால் மணி நேரம் பேசினார்கள்.

கேமராவை இயக்கச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீடும், சுவரில் காரை பெயர்ந்த வீடும் லாட்ஜில் யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கும். மண்டபத்தில் எல்லோரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள். அந்தச் சமத்துவத்தை வீட்டுக் கேமரா கலைத்துவிடக் கூடாது.

நான்காம் படி: ஒன்பது மணி டோஸ்ட்

ஆங்கில மரபைப் பின்பற்றும் லாட்ஜ்கள் பலவற்றில், இரவு ஒன்பது மணிக்கு, வர இயலாத சகோதரர்களை நினைத்து ஒரு டோஸ்ட் எழுப்புவார்கள். அந்த நேரத்தில் கடிகாரத்தின் இரண்டு முட்களும் கொத்தனாரின் மூலைமட்டம்போல் செங்கோணத்தில் நிற்கும். ஊரடங்கின்போது எல்லோருமே வர இயலாதவர்கள் ஆகிவிட்டதால், இந்த ஒரு டோஸ்ட் மற்ற எல்லாவற்றையும்விடப் பொருள் நிறைந்ததாகிவிட்டது. திரைப் பந்தி இல்லாத நாட்களிலும், வாரத்தில் ஒரு நாள் சரியாக ஒன்பது மணிக்கு அவரவர் வீட்டில் எழுந்து நின்று ஒரு மடக்கு குடிப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாதவரும் இதில் சேரலாம். கடிகாரம் இருந்தால் போதும்.

மார்ச் இறுதியிலிருந்து மதுக்கடைகள் மூடியிருந்தன. ஆகவே எங்கள் டோஸ்டுகள் மோரிலும் பானகத்திலும் ரசத்திலும் நடந்தன. மண்டபத்தில் டோஸ்ட் முடிந்ததும் அடி கனத்த சிறு கண்ணாடிக் குவளைகளால் மேசையில் ஒன்றாகத் தட்டுவது வழக்கம். முதல் திரைப் பந்தியில் அதையும் செய்து பார்த்தோம். வீட்டில் இருந்த பித்தளை டம்ளரையும் எவர்சில்வர் டம்ளரையும் எடுத்து எல்லோரும் தட்ட, ஒலி வந்து சேரும் தாமதத்தால் அது தகரக் கூரையில் விழும் ஆலங்கட்டிபோல் முன்னும் பின்னுமாகச் சிதறியது. பாதி ஒலியை இரைச்சல் என்று கருதி மென்பொருளே விழுங்கிவிட்டது. மாஸ்டர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்று, முடியாமல் சிரித்துவிட்டார். அடுத்த மாதம் முதல் ஒருவர் மட்டும் ஒலியைத் திறந்துவைத்துத் தட்டுவார், மற்றவர்கள் ஒலியை அடைத்துவிட்டு அவருடைய கையைப் பார்த்துத் தட்டுவார்கள் என்று ஒழுங்கு செய்தோம். எனினும் மாதம் ஒருமுறை 'ஆலங்கட்டி' வேண்டும் என்று சகோதரர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஐந்தாம் படி: சிரிப்பை வளர்த்தல்

திரையில் நகைச்சுவை படுத்துவிடுவதற்கு முதன்மையான காரணம் மிகச் சாதாரணமானது. எல்லோரும் ஒலியை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு நல்ல கதையைச் சொல்லி முடிக்கிறார். முப்பது பேர் சிரிக்கிறார்கள். அவர் காதில் விழுவதோ மயான அமைதி. அவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் 'சிரிப்புக்காரர்' என்று நால்வரை நியமிப்பது. அவர்கள் நால்வரும் ஒலியைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். போலியாகச் சிரிக்க வேண்டியதில்லை, சிரிப்பு வந்தால் அடக்காமல் இருந்தால் போதும். நன்றாக உரக்கச் சிரிக்கக்கூடிய ஒருவர் எல்லா லாட்ஜிலும் இருப்பார். அவருடைய இணைய இணைப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வது செக்ரட்டரியின் முக்கியமான வேலைகளில் ஒன்று என்று உறுதியாகச் சொல்வேன்.

லாட்ஜ் நகைச்சுவைக்கு ஒரு திசை உண்டு. அது மேல்நோக்கிப் போக வேண்டும். மாஸ்டரைக் கேலி செய்யலாம், முன்னாள் மாஸ்டர்களைக் கட்டாயம் கேலி செய்யலாம், பொருளாளரின் கைச்சுருக்கத்தைப் பாடலாம். நேற்றுச் சேர்ந்தவரையும், அன்று தடுமாறியவரையும், அங்கே இல்லாதவரையும் தொடக் கூடாது. இந்தியா கிராண்ட் லாட்ஜ் 1961 நவம்பர் 24 அன்று அமைந்தது. அதன் கீழ் உள்ள லாட்ஜ்களில் கீதையும் குர்ஆனும் பைபிளும் பிற வேதநூல்களும் ஒரே மேடையில் வைக்கப்படும். அத்தனை நம்பிக்கையும் ஒரே பந்தியில் உட்காருவதால்தான் மதத்தையும் அரசியலையும் லாட்ஜுக்குள் பேசக் கூடாது என்ற விதி இருக்கிறது. 2020 ஏப்ரலில் நோய்ப் பரவலுக்கு ஒரு மதத்தாரைப் பழிக்கும் செய்திகள் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருந்தபோது, அந்த விதியின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது. அப்படி ஒன்று குழுவில் விழுந்தது; சில நிமிடங்களில் மாஸ்டர் அதை அனுப்பியவரைத் தனியே அழைத்துப் பேசினார்; அவரே நீக்கிவிட்டு வருத்தம் தெரிவித்தார். குழுவில் எல்லார் முன்னாலும் கண்டித்திருந்தால் ஒரு சகோதரரை இழந்திருப்போம்.

வந்ததை அப்படியே அனுப்பும் பழக்கத்தை நகைச்சுவையிலும் தடுத்துவிடுங்கள். யாரோ எழுதிய துணுக்கைக் கடத்துவதால் நட்பு வளராது. தம் வீட்டில், தம் கண்ணெதிரே நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். வங்கி அதிகாரியாக ஓய்வு பெற்ற ஒருவர், மனைவி தம்மை வெங்காயம் உரிக்கும் பிரிவில் தகுதிகாண் பருவத்தில் வைத்திருப்பதாகவும், இன்னும் பணி நிரந்தரம் ஆகவில்லை என்றும் ஒவ்வொரு மாதமும் அறிக்கை படித்தார். ஆகஸ்டில் அவருக்கு வெண்டைக்காய் நறுக்கும் பதவி உயர்வு கிடைத்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். தொடர்ந்து வரும் இப்படிப்பட்ட ஒரு கதை, நூறு துணுக்குகளுக்குச் சமம். அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்காகவே ஆட்கள் வருவார்கள்.

லயன்ஸ் சங்கங்களில் 'டெயில் ட்விஸ்டர்' என்று ஒரு பதவி உண்டு. கூட்டத்தைக் கலகலப்பாக வைத்திருப்பதும், சின்னச் சின்னக் குற்றங்களுக்கு அபராதம் போட்டு வசூலிப்பதும் அவர் வேலை. அதைத் தயங்காமல் கடன் வாங்குங்கள். ஒலியை அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசியவருக்குப் பத்து ரூபாய், திரையில் நெற்றியை மட்டும் காட்டுபவருக்குப் பத்து ரூபாய், பின்னால் குக்கர் விசில் கேட்டால் விசிலுக்கு ஐந்து ரூபாய். அபராதத்தை யுபிஐ மூலம் அப்போதே செலுத்த வேண்டும். தொகை முழுவதும் தருமக் கணக்குக்குப் போகும். ஒரு எச்சரிக்கை: வருமானம் நின்றுபோனவர் யார் என்பது அபராதம் விதிப்பவருக்கு ஆல்மனர் மூலம் தெரிந்திருக்க வேண்டும். பத்து ரூபாய் பெரிதல்ல, ஆனால் மனம் எந்த நாளில் எதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கை கொடுத்தது ஈற்றடிப் போட்டி. வெண்பாவின் கடைசி அடியைக் கொடுத்துவிட்டு முன் அடியை எழுதச் சொல்வது நம் மொழியில் பழைய விளையாட்டு. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சகோதரர் ஒருவர், 'முகக்கவசம் போட்ட முகம்' என்று ஈற்றடி கொடுத்தார். ஒரு வாரம் எங்கள் குழுவில் பூக்களும் குறிப்புகளும் ஓய்ந்து, தளை தட்டுகிறதா என்ற சண்டை மட்டும் நடந்தது. பலருக்கு இலக்கணம் உதைத்தது. அதுவே சிரிப்புக்குப் போதுமானதாக இருந்தது. பேச்சில் மிகவும் கூச்சப்படுகிற ஒரு சகோதரர், போட்டி முடியும் நாளில் இதை அனுப்பினார்:

அகத்தில் சிரிப்பிருந்தும் யாரறிவார் அந்தோ
முகக்கவசம் போட்ட முகம்

அவரால் இப்படி எழுத முடியும் என்பது பன்னிரண்டு ஆண்டுகளாக எங்கள் யாருக்கும் தெரியாது. விடுகதை, சிலேடை, பழைய கூட்டப் புகைப்படத்தில் 'இந்த மீசை யாருடையது' என்று கண்டுபிடிப்பது என எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். பரிசு எப்போதும் அற்பமானதாக இருக்கட்டும். ஊரடங்கு முடிந்தபின் முதல் பந்தியில் இரண்டாவது அப்பளம் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தோம். அதைப் பத்திரமாக வைத்திருந்து நீட்டியவர்கள் உண்டு.

ஆறாம் படி: மிச்சப்படும் பணம்

பந்தி நடக்காத மாதங்களில் சாப்பாட்டுச் செலவு மிச்சமாகும். அதை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்துவைக்காதீர்கள். பொருளாளரும் ஆல்மனரும் மாஸ்டரும் உட்கார்ந்து இரண்டாகப் பிரியுங்கள்: ஒரு பகுதி வெளியே, அந்த நேரத்தில் பசித்திருப்பவர்களுக்கு, மற்றொரு பகுதி உள்ளே, சொல்லாமல் சிரமப்படும் உறுப்பினர்களுக்கு. சந்தா கட்ட முடியாதவருக்கு நினைவூட்டுக் கடிதம் போவதை உடனே நிறுத்திவிட்டு, அவர் அழைப்பாளர் மூலமாகவே "இந்த ஆண்டுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது" என்று ஒரே வரியில் சொல்லிவிடச் செய்யுங்கள். யார் ஏற்பாடு செய்தார்கள் என்பது தெரிய வேண்டியதில்லை. மானத்துக்கு அஞ்சி விலகிப்போன ஒருவர் பிறகு திரும்பி வருவது மிகவும் அரிது.

ஏழாம் படி: ஒரு சகோதரர் மறைந்தால்

அன்றைய ஊரடங்கு விதிகளின்படி இறுதிச் சடங்கில் இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று இருந்தது. 2020 ஜூலையில் எங்கள் முன்னாள் மாஸ்டர் ஒருவர் காலமானபோது லாட்ஜிலிருந்து இருவர்தான் போக முடிந்தது. மாலை வைக்கவும் தோளைத் தொட்டு ஆறுதல் சொல்லவும் முடியாத அந்தத் துயரத்தைப் பல மாதம் சுமந்தோம்.

முதல் வாரத்தில் திரையில் எதுவும் நடத்தாதீர்கள். தினமும் ஒருவர் மட்டும் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் பேசட்டும். யார் எந்த நாள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் நாள் நாற்பது அழைப்பும் ஐந்தாம் நாள் பூஜ்யமும் ஆகிவிடும். இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு ஓடியாடக்கூடிய ஒருவரை நியமித்துவிடுங்கள். பதினாறாம் நாள் போன்ற சடங்குகள் முடிந்தபின், குடும்பத்தாரின் சம்மதத்தோடு நினைவுக் கூட்டம் வையுங்கள். அங்கே இரங்கற்பா மட்டும் போதாது. அவரைப் பற்றிய சிரிப்புக் கதைகளையும் சொல்லுங்கள்.

எனக்கு முதலில் இதில் தயக்கம் இருந்தது. ஆனால் மறைந்தவர், பந்தியில் நன்றியுரை என்று எழுந்தால் இருபது நிமிடத்துக்குக் குறைந்து உட்கார்ந்ததே இல்லை. அவர் எழும்போதே ஸ்டூவர்டுகள் காபியைத் திரும்பச் சூடு பண்ண எடுத்துப் போவார்கள். ஒரு சகோதரர் இதைச் சொன்னபோது திரையில் ஓர் அமைதி நிலவியது. அப்போது மறைந்தவரின் மகள் ஒலியைத் திறந்து, "வீட்டிலும் அப்பா அப்படித்தான், சாப்பாட்டுக்கு முன்னால் சாமி கும்பிட ஆரம்பித்தால் சாம்பார் ஆறிவிடும்" என்றார். அவருடைய தாயார் அந்த நாட்களில் முதல் முறையாகச் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். கதைகளை முன்கூட்டியே ஆல்மனரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. குடும்பத்துக்குத் தெரியாத எதையும் அங்கே முதல் முறையாகச் சொல்லக் கூடாது.

எட்டாம் படி: கதவு திறக்கும்போது

மண்டபம் திறந்த உடனே திரைப் பந்தியை மூடிவிடாதீர்கள். படி ஏற முடியாதவர்கள், பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டவர்கள், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்ப்பவர்கள் எனப் பல ஆண்டுகளாக வராத சிலர், அந்த மாதங்களில்தான் மீண்டும் லாட்ஜோடு இணைந்திருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அவர்களுக்காகத் திரையை விரித்துவையுங்கள். தொலைபேசி நோட்டுப் புத்தகத்தை அடுத்த ஆல்மனரிடம், பதவியேற்பு நாளன்றே, கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பதுபோல் கையில் ஒப்படையுங்கள். முதல் பந்தியில் இருக்கைகளை மூப்பு வரிசைப்படி போடாமல், தொலைபேசியில் பேசிப் பழகியவர்கள் அருகருகே அமரும்படி போடுங்கள். எங்கள் 84 வயது முன்னாள் மாஸ்டர் வந்ததும், வாசலில் நின்று, "என் வியாழக்கிழமைப் பையன் எங்கே?" என்றுதான் கேட்டார்.